நாலு வெயில்

வன்னியில் நாற்பதடி உயர்ந்தாலே மலை.
பாலைமரங்களின் தலையைத் தாண்டினால் போதும்,
குளக்கட்டும் வயலும்
மாங்குளம் போகும் பேருந்தின் புழுதியும்
காலடிக்கு வந்துவிடும்.

அந்தப் பாறை உச்சியில்
பறங்கியர் காலத்துக் கோயில் ஒன்று இருந்ததாம்.
நான் ஏறிப்போனபோது இருந்தவை:
பீடத்தின் மூன்று படிகள்,
கிழக்குச் சுவரில் ஆளுயரத் துண்டு,
அதைப் பிளந்து எழுந்த ஆலங்கன்று.
மீளக் கட்டப் படம் கீறச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
பார்த்துக் கீற ஒரு புகைப்படமும் இல்லை.
எடுத்தவர்களின் அல்பங்கள் எல்லாம்
மாத்தளன் மணலுக்குள்.

ஆகவே கேட்டேன்.
யன்னல் எத்தனை?
"பக்கத்துக்கு அஞ்சு" என்றார் நீக்கிலாப்பிள்ளை மூப்பர்.
"நாலு" என்றாள் பெர்னதேத்து.
"தெற்குப் பக்கத்தால நாலு வெயில்தான் விழும்.
எண்ணிக்கொண்டிருந்தனான்,
பிரசங்கம் அவ்வளவு நீளம்."
வளைவு கூரா, வட்டமா?
கைகளைக் குவித்துக் காட்டினார்கள்.
ஒவ்வொருவர் கும்பிடும் ஒவ்வொரு வளைவு.

அத்திவாரம் மட்டும் ஒரே பேச்சில் நின்றது.
வெடி அகற்றுபவர்கள் சிவப்புப் பலகையைப் பிடுங்கிப் போனபிறகு
பற்றை வெட்டி, மண் சுரண்டி, நாடா பிடித்தோம்.
தெற்குச் சுவர் வடக்கைவிட ஒன்றரை முழம் நீளம்.
மூலைமட்டம் எங்கும் பொருந்தவில்லை.
'பிழை' என்று குறித்தேன்.
மேசன் தியோகு குந்தியிருந்து தடவிப் பார்த்தார்.
"பிழையில்லைத் தங்கச்சி.
பாறை திரும்புற இடத்தில சுவரும் திரும்பியிருக்கு.
கட்டினவனுக்குக் கல்லை உடைக்க மனமில்லை.
இல்லாட்டி மருந்தில்லை."

கற்கள் கீழே, ஊருக்குள்.
சண்டை நெருங்கிய மாதம்
இரவிரவாய் உருட்டி இறக்கிப் பங்கர் மூடியிருக்கிறார்கள்.
தூண் வட்டுகளும் படிக்கற்களும்
ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பும்
திரும்பி வந்த சனத்தின் கிணற்றடியில், மாட்டுக்கொட்டிலில்,
ஒரு கடையில் அரிசிமூட்டைகளுக்குக் கீழே.
ஞாயிறுகளில் டிராக்டர் ஏறி வந்தன.
ஒருவரும் காசு கேட்கவில்லை.
ஒருவர் சீமெந்து இரண்டு பை கேட்டார்,
கொடுத்தோம்.

வாசல் மேற்கல் பெர்னதேத்துவின் வளவில்.
நடுவில் சிலுவை, அதன்கீழ் தேய்ந்த இலக்கங்கள்.
இன்னும் மூடாத பங்கரின்மேல்
வைத்தபடியே கிடந்தது.
"அது மட்டும் தரமாட்டன்."
பாதர் போய்க் கேட்டார். மூப்பர் போய்ச் சத்தம் போட்டார்.
நான் நாடாவோடு போனேன், அளக்க மட்டும்.
"மேலால அளந்து என்ன? உள்ளுக்கு இறங்கு" என்றாள்.

இறங்கி, அண்ணாந்து பார்த்தேன்.
குப்பிவிளக்கின் புகையில் கல்லின் அடி கறுத்திருந்தது.
கறுப்பில், ஆணியால் கீறிய எழுத்து.
அ. ஆ. இ. வளைவுகள் பெரிது பெரிதாய்.
ஓ வரை.
அடுத்த இடம் வெறும் புகை.

ஆர் எழுதினது என்று நான் கேட்கவில்லை.
நீளம் ஆறடி ஒன்றரை அங்குலம் என்று
கொப்பியில் எழுதினேன்.
கை நடுங்கியதில் ஒன்றரை ஏழரை போல் விழுந்தது.

கொங்கிறீற் பீம் ஒன்று போடலாம் என்றார் கொந்திராத்துக்காரர்.
நான் அன்றிரவு வாசலை அழித்துக் கீறினேன்:
செங்கல் வளைவு,
ஒன்றையொன்று சாய்ந்தே நிற்கும் கற்கள்,
மேற்கல் தேவைப்படாத வாசல்.
கூரா வட்டமா என்று கேட்டபோது
அவள் குவித்துக் காட்டிய கைகள் நினைவிலிருந்தன.
தியோகு படத்தைப் பார்த்தார்.
"சரி. சுவர் திரும்பினமாதிரி" என்றார்.

தை மாதத் திருநாளன்று கதவு திறந்தது.
வந்தாள். வளைவின்கீழ் ஒரு கணம் நின்றாள்,
கும்பிட்டாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.
பிறகு தெற்குச் சுவரோரம் போய் இருந்தாள்.
பாதரின் பிரசங்கம் நீண்டது.
அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் பக்கம் திரும்பி, விரல்களை விரித்து,
முழுக் கோயிலுக்கும் கேட்கிறமாதிரிக் குசுகுசுத்தாள்:

"அஞ்சு வைச்சிட்டியள்.
நான் சொன்னனான், நாலு."